ஊருக்கென ஒரு சமூக வலைத்தளம்: நலிந்தவர்களை முன்வைத்துக் கட்டும் முழு வழிகாட்டி

பெரிய தளங்களில் எங்கள் பிள்ளைகளின் படங்கள் களவு போகின்றன, முறையிட்டால் தமிழ் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்கிறாரா என்பதே தெரியவில்லை, ஆகவே நாங்களே ஒன்று தொடங்கலாமா என்று யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையங்களிலிருந்தும் பழைய மாணவர் சங்கங்களிலிருந்தும் ஆட்கள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தொடங்கலாம். நான் இரண்டு இடங்களில் இந்த வேலையை அடியிலிருந்து செய்திருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று தொடங்கி ஆறே கிழமையில் மூடப்பட்டதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேர்வர் நன்றாகத்தான் ஓடியது, வேலைகளின் வரிசைதான் பிழைத்துப்போனது. முதல் நாள் மென்பொருளை நிறுவினார்கள், இரண்டாம் நாள் கைக்கு எட்டிய எல்லோருக்கும் இணைப்பை அனுப்பினார்கள், ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமான பதிவு வந்த அன்றைக்குத்தான் இதை யார் எடுப்பது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். மென்பொருள் நான்காவது படியில்தான் வருகிறது.

தொடங்க முன்னர் கையில் இருக்க வேண்டியவை

மட்டுறுத்தல் வேலைக்கு, அதாவது முறைப்பாடுகளைப் பார்த்துப் பதிவை மறைக்கவும் ஆளை நீக்கவும், ஐந்து பேராவது வேண்டும், அதில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்க வேண்டும். முறைப்பாடுகளில் பெரும்பங்கு பெண்களிடமிருந்துதான் வரும், அதை ஓர் ஆணிடம் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். அடுத்து, ஒரு வருடச் சேர்வர் செலவு முழுவதும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். மாதாமாதம் காசு சேர்க்கப் போனால் காசு தருபவர் சொல்வதே சட்டமாகிவிடும், இதைப் பிறகு சொல்கிறேன்.

சேர்வரை இயக்கும் லினக்ஸ் தெரிந்த ஒருவர் மட்டும் போதாது, கடவுச்சொற்கள் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும். முறைப்பாட்டுக்கென்று தனியாக ஒரு போனும் சிம்மும் வாங்குங்கள். யாருடைய சொந்த நம்பரையும் கொடுக்காதீர்கள், அது நாலு நாளில் ஊர் முழுக்கப் போய்விடும்.

ஒரு சட்டத்தரணியுடன் ஒரு மணித்தியாலம் கதையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தளம் நடத்துபவர் என்ற முறையில் உங்கள் பொறுப்பு என்ன என்பதைத் தொடங்க முன்னர் தெரிந்துகொள்வது நல்லது.

1. யாருக்கு முதலில் அடி விழும் என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் ஊரில் இந்தத் தளத்துக்கு வரப்போகிறவர்களில் யாருக்கு அதிகம் ஆபத்து என்று எழுதுங்கள். "பயனர்கள்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் விளங்காது. ரியூசனுக்குப் போகும் பதினைந்து வயதுப் பிள்ளை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, தனியாகக் குடும்பத்தை இழுக்கும் பெண். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி. சாதி சொல்லி ஒதுக்கப்படும் குடும்பத்துப் பெடியன். திருநங்கை ஒருவர். கண் பார்வை இல்லாமல் போனின் குரலை நம்பி வாசிக்கும் ஒருவர். இப்படி ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும், இவரை யார் தாக்குவார், எதை வைத்துத் தாக்குவார், எது வெளியே தெரிந்தால் இவருக்கு வீட்டில் பிரச்சினை வரும் என்று மூன்று வரி எழுதுங்கள்.

இதை மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கேட்டால் பதில் வராது. ஆண்கள் கதைப்பார்கள், பெண்கள் தலையாட்டுவார்கள். பெண்களைத் தனியாக, இரண்டு மூன்று பேராக இருத்திக் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோதுதான் ரீலோட் கடைக் கொப்பி பற்றித் தெரிந்தது: கடையில் ரீலோட் போட, அதாவது போனுக்குக் காசு ஏற்ற, நம்பரைக் கொப்பியில் எழுதுகிறார்கள், அடுத்து வருபவன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறான். எங்கள் திட்டத்தில் போன் நம்பரை வைத்து ஆளைத் தேடும் வசதி இருந்தது. அன்றைக்கே அதை வெட்டினோம்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. பல வீடுகளில் ஒரே போனைத்தான் அம்மா, மகள், தம்பி மூவரும் பாவிக்கிறார்கள். பூட்டிய திரையில் ஒரு செய்தி முழுதாகத் தெரிந்தால் அதுவே சண்டைக்குக் காரணம். ஆகவே ஒருவரைத் தளத்தில் சேர்க்கும்போதே, பூட்டுத்திரையில் செய்தியின் உள்ளடக்கத்தை மறைப்பது எப்படி என்று அவருடைய போனிலேயே காட்டிக்கொடுங்கள்.

2. ஆட்களைச் சேர்த்து நேர அட்டவணை போடுங்கள்

மோசமான பதிவுகள் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அதிகம் வரும். அந்த நேரம் இங்கே மட்டுறுத்துநர் நித்திரை. இதற்கு எங்களிடம் ஒரு வசதி இருக்கிறது, ஊரவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். இங்கே இரவு பதினொரு மணி என்றால் லண்டனில் பின்னேரம் ஐந்தரை அல்லது ஆறரை, ரொறன்ரோவில் மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. இரவு முறையை அங்கிருக்கும் ஓர் அக்காவிடமும் ஓர் அண்ணையிடமும் கொடுத்துவிட்டால் இங்கே யாரும் விழித்திருக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஊரை விட்டுப் போய் முப்பது வருடமானவருக்கு இன்றைக்கு எந்தச் சொல் வசை, எது பகிடி என்று விளங்காமல் இருக்கலாம். அவர் பதிவை மறைக்கலாம், ஆளை நீக்கும் முடிவைக் காலையில் இங்குள்ளவர்களோடு சேர்ந்து எடுக்கட்டும்.

மட்டுறுத்துநர்கள் எல்லோரும் ஒரே ஊர்ப்பகுதி, ஒரே பாடசாலை, ஒரே கோயில் என்று இருந்தால் மற்றவர்கள் முறையிடவே மாட்டார்கள். இதைச் சரிசெய்யாமல் மூன்றாவது படிக்குப் போகாதீர்கள்.

3. விதிகளை ஒரு பக்கத்தில், உதாரணத்தோடு எழுதுங்கள்

"பண்பாக நடந்துகொள்ளவும்" என்று எழுதினால் அது பெண்களை அடக்கத்தான் பயன்படும். எந்தச் செயல் கூடாது என்று எழுதுங்கள். ஒருவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் போடக்கூடாது, கோயில் திருவிழாவில் எடுத்த படமாக இருந்தாலும் சரி. ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு தனிச்செய்தி அனுப்பக்கூடாது. ஒருவரின் சாதியை, பழைய இயக்கத் தொடர்பை, உடல் அடையாளத்தை, குடும்ப விஷயத்தை அவர் சொல்லாமல் வெளியே சொல்லக்கூடாது.

ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் குரல் பதிவாகவும் போடுங்கள்.

4. இப்போது மென்பொருள்

சொந்தமாக எழுதப் போகாதீர்கள். சொந்தச் சமூக வலைத்தளம் நடத்தவென்றே இருக்கும் மாஸ்டடோன் போன்ற திறந்த மூல மென்பொருள் ஒன்றை எடுங்கள். முறைப்பாடு, எச்சரிக்கை, கணக்கை முடக்குதல், மேன்முறையீடு எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. இருநூறு பேருக்குள் என்றால் நாலு ஜிபி நினைவகம் உள்ள ஒரு சின்ன வாடகைச் சேர்வர் போதும். படங்கள்தான் இடத்தைத் தின்னும், அவற்றுக்குத் தனிச் சேமிப்பிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவியவுடன், ஒருவரையும் சேர்க்க முன்னர், மாற்ற வேண்டியவை இவை. கணக்குத் திறப்பதை அனுமதி பெற்ற பிறகு மட்டும் என்று வையுங்கள். உள்ளே வராதவர்கள் பொதுப் பதிவுகளைப் பார்க்கும் வசதியை நிறுத்துங்கள். மாஸ்டடோன் சேர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையால் ஒன்றோடொன்று பேசும், அதாவது உங்கள் பிள்ளை எழுதியது முன்பின் தெரியாத ஒரு சேர்வருக்கும் போய்ச் சேரலாம், போன பிறகு நீங்கள் அழித்தாலும் அங்கே அழியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் மட்டுப்படுத்திய கூட்டிணைப்பு என்ற முறையில் தொடங்குங்கள். அதில் நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்த சேர்வர்களோடு மட்டும்தான் தொடர்பு இருக்கும்.

பிரபலமானவை என்ற பட்டியலையும் நிறுத்துங்கள். இருநூறு பேர் உள்ள இடத்தில் பிரபலமாவது எப்போதும் ஒரு சண்டைதான். பதிவுகள் நேர வரிசையில் வந்தால், சத்தம் போடுபவருக்கும் அமைதியாக எழுதுபவருக்கும் ஒரே இடம் கிடைக்கும்.

உள்நுழைந்தவர்கள் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் ஐபி முகவரிகளை மாஸ்டடோன் வழக்கமாக ஒரு வருடம்வரை வைத்திருக்கும். அதைக் குறைத்து வையுங்கள். எங்களிடம் இல்லாத தரவை யாரும் களவெடுக்க ஏலாது, யாரும் மிரட்டிக் கேட்கவும் ஏலாது. எத்தனை நாள் என்பதைச் சட்டத்தரணியோடு கதைத்து முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் நிர்வாகப் பக்கத்திலிருந்தே மாற்றிவிட முடியாது. பின்தொடர வருபவரைத் தானே பார்த்து அனுமதிப்பது, தேடலில் தன் பெயர் வராமல் வைப்பது போன்றவை அவரவர் கணக்கில் செய்ய வேண்டியவை. ஆளுக்குப் பக்கத்தில் இருந்து செய்துகொடுங்கள், பத்து நிமிடம் போகும். இணைப்பை அனுப்பிவிட்டு "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்றால் நூற்றில் தொண்ணூறு பேர் செய்ய மாட்டார்கள்.

அப்புறம், இதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லுங்கள்: தனிச்செய்தி என்று அங்கே இருப்பது பூட்டிய கடிதம் இல்லை, சேர்வரை நடத்துபவர் நினைத்தால் தரவுத்தளத்தில் அதைப் பார்க்க முடியும். ரகசியம் கதைக்க சிக்னல் போன்ற செயலிக்குப் போகச் சொல்லுங்கள்.

5. சேரும் படிவத்தில் ஊரைக் கேட்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். படிவத்தில் முழுப் பெயர், ஊர், பாடசாலை, அப்பாவின் பெயர் என்று எழுதிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் போலிக் கணக்கைத் தடுக்க என்பார்கள்.

"நீங்கள் எவடம்?" என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் எதற்குக் கேட்கப்படுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்று வரும், எந்தப் பக்கம் என்று சொன்னால் எந்தக் கோயிலடி என்று வரும், மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பெடியன் கவிதை எழுதிப் போட்டான், கீழே நாற்பது வயதுக்காரர் ஒருவர் அன்பாக, "தம்பி நல்லாயிருக்கு, எவடம்?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அவர் வேறு ஒருவரைக் குறிப்பிட்டு, "இவர் உங்கட பக்கமோ?" என்று கேட்டார். அவன் கணக்கையே அழித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு, ஒருவர் தானாகச் சொல்லாத ஊரைத் துருவிக் கேட்பதும் விதிமீறல் என்று சேர்த்தோம். இதற்கு எதிர்ப்பு வந்தது, சும்மா சுகம் விசாரிக்கிறதுதானே என்றார்கள். நாங்கள் அந்த விதியை எடுக்கவில்லை.

போலிக் கணக்கைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அழைப்பு இணைப்புக் கொடுக்கட்டும். யார் யாரை அழைத்தார் என்பது மட்டுறுத்துநர்களுக்கு மட்டும் தெரியும். பெயர் எந்தப் புனைபெயராகவும் இருக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவரை ஏற்பதா என்பதையும் இங்கேயே முடிவெடுங்கள், ஏற்பதானால் அவர்களுக்குப் பெரியவர்களிடமிருந்து வரும் தனிச்செய்திகளை மூடிவைக்க ஒரு வழி செய்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

6. முறைப்பாட்டுக்கு மூன்று வாசல் வையுங்கள்

மென்பொருளில் உள்ள முறைப்பாட்டுப் படிவம் ஒரு வாசல். அது சில திரைகளைத் தாண்டிப் போகும், பதறி நிற்கும் பிள்ளைக்கு அது தூரம். அதனால் தனிப் போன் நம்பர் இரண்டாவது வாசல், குரல் செய்தி போதும், எழுதத் தேவையில்லை. நேரில் போய்ச் சொல்லக்கூடிய ஓர் அக்கா மூன்றாவது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மாஸ்டடோனில் தனிச்செய்திக்குள் ஒருவரின் கணக்குப் பெயரை அட் (@) குறியோடு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போகும். எங்கள் தளத்தில் ஒரு தங்கச்சி மட்டுறுத்துநருக்கு, இன்னார் என்னைத் தொந்தரவு செய்கிறார் என்று அவனுடைய கணக்குப் பெயரோடு எழுதினாள், அடுத்த நிமிடம் பதில் அவனிடமிருந்து வந்தது. பிழை எங்களுடையது, நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அட் குறி இல்லாமல் பெயரை எழுத வேண்டும் என்பதை இப்போது சேரும்போதே எழுதவைத்துப் பழக்குகிறோம்.

7. முறைப்பாடு வந்த முதல் ஒரு மணித்தியாலம்

வரிசை முக்கியம். முதலில் சான்றை எடுங்கள்: பதிவின் படம், இணைப்பு, திகதி, நேரம், கணக்குப் பெயர். அதன்பிறகுதான் பதிவை மறையுங்கள். அவசரத்தில் முதலில் அழித்துவிட்டால் பின்னர் பொலிசுக்குப் போக நினைத்தாலும் கையில் ஒன்றும் இருக்காது. முடக்கப்பட்ட கணக்கின் தரவு மாஸ்டடோனில் 30 நாட்களில் அழிந்துபோகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு சிறுவர்களின் அந்தரங்கப் படம். அதைச் சான்றுக்காகக்கூடப் பிரதி எடுக்காதீர்கள், மற்ற மட்டுறுத்துநருக்கு அனுப்பாதீர்கள். அந்த இடத்திலேயே மறைத்து, இணைப்பையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு 1929க்கு அழையுங்கள், அது சிறுவர் உதவி இலக்கம்.

அடுத்து பாதிக்கப்பட்டவரோடு கதையுங்கள். என்ன நடந்தது என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்காதீர்கள், ஒருவரே கடைசிவரை கதைக்கட்டும். என்ன செய்யலாம் என்று சொல்லி, எது வேண்டும் என்று கேளுங்கள். பெண்களுக்கு 1938, மனம் உடைந்து இருப்பவருக்கு 1926. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், அவரை முன்னரே போய்ச் சந்தித்து வைத்திருந்தால் அன்றைக்கு உதவும். அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று யாராவது மிரட்டினால் ஸ்டொப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாமலே அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை எடுத்து, அதில் இணைந்துள்ள பெரிய தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அந்த வயதுக்கு முன்னர் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன் என்ற இதே மாதிரிச் சேவை இருக்கிறது.

இனி நான் பார்த்த மிக மோசமான பிழையைச் சொல்கிறேன். மூடப்பட்ட அந்த மூன்றாவது தளத்தில், ஒரு பிள்ளையின் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்குத் திறந்திருந்தார்கள். பிள்ளை முறையிட்டாள். மட்டுறுத்துநராக இருந்த ஐயா நல்ல மனிதர், பிள்ளையில் அக்கறை உள்ளவர், நேராகத் தகப்பனுக்குப் போன் எடுத்துவிட்டார். அன்று பின்னேரம் பிள்ளையின் போன் பறிக்கப்பட்டது, அடுத்த கிழமை ரியூசன் நின்றது. போலிக் கணக்குத் திறந்தவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் ஒரு முறைப்பாடும் வரவில்லை. முறைப்பாடு இல்லை, எல்லாம் நல்லாப் போகிறது என்று நடத்தியவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே எழுதி ஒட்டிவையுங்கள்: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வீட்டுக்கோ பாடசாலைக்கோ கோயிலுக்கோ சொல்லக்கூடாது. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், அல்லது மேலே சொன்ன சிறுவர் அந்தரங்கப் படம் என்றால் மட்டும் 1929, அப்போதும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு.

8. சொல் வடிகட்டியை நம்பி இருக்காதீர்கள்

வசைச்சொற்களின் பட்டியலைப் போட்டுத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: தமிழில் அது பாதிக்குமேல் வேலை செய்யாது. "நாய்" என்று போட்டு முழுச்சொல் என்ற தெரிவை வைத்தால் நாயே, நாய்க்கு, நாய்கள் எதுவும் சிக்காது. முழுச்சொல் தெரிவை எடுத்துவிட வேண்டும், அப்போதும் நாயே சிக்காது, அதில் யகரத்தின் புள்ளி போய் ஏகாரக் குறி வந்துவிடுகிறது, அதைத் தனியாகப் போட வேண்டும். பல நிரல் மொழிகளின் சொல் எல்லை விதி உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே எடுக்காது, சொல்லின் நடுவிலேயே வெட்டிவிடும். "கௌரி", "கெளரி" இரண்டும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு, முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ளகரம். ஒகரக் குறியையும் இரண்டு விதமாகத் தட்டலாம், அதை எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒருங்குறிச் சீராக்கம் சரிசெய்யும், ளகர விவகாரத்தை அது சரிசெய்யாது. இதற்கு மேல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர் ஒரு சொல்லை ஐந்து விதமாக எழுதுவார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் படமாகப் போட்டால் வடிகட்டிக்கும் தெரியாது, பார்வையற்றவரின் போனும் வாசிக்காது. படத்துக்கு விவரணம் எழுதுவதை இதனோடு சேர்த்துக் கட்டாயமாக்கலாம்.

மாஸ்டடோனில் சொல் வடிகட்டி அவரவர் கணக்கில்தான் இருக்கிறது. தளம் முழுவதற்கும் வேண்டுமென்றால் சின்னதாக ஒரு நிரல் எழுத வேண்டும். அது எதையும் தானாக அழிக்கக்கூடாது, மட்டுறுத்துநருக்குக் காட்டினால் போதும். சாதிப் பெயர் சொல்லித் தன்னை எப்படித் திட்டினார்கள் என்று எழுதுபவரும் அதே சொல்லைத்தான் எழுதுவார். தானியங்கி முதலில் வெட்டுவது அவருடைய வாயைத்தான்.

9. போர்க்காலப் படங்கள்

மே மாதம் வந்தால் 2009 முள்ளிவாய்க்கால் படங்கள் வரும். அழித்தால் நினைவுகூரும் உரிமையைப் பறிக்கிறோம். அப்படியே விட்டால், தன் பிள்ளையை அங்கே இழந்த அம்மா காலையில் போனைத் திறந்தவுடன் அதைப் பார்க்கிறார். மறைத்துக் காட்டுங்கள். உணர்வுபூர்வமான படம் என்று குறித்தால் மேலே திரை விழும், தொட்டால்தான் தெரியும். போட்டவர் குறிக்க மறந்தால் மட்டுறுத்துநர் குறிக்கலாம், அதற்காகக் கண்டிக்கத் தேவையில்லை. ஏப்ரல் முடிவிலேயே ஓர் அறிவிப்புப் போட்டுவிடுங்கள்.

10. காசு தந்தவர் பிழை விட்டால்

சமநீதி உண்மையா என்று தெரிவது இந்த நாளில்தான். சேர்வருக்குக் காசு அனுப்பியவர், அல்லது ஊரில் பெரிய மனிதர் ஒருவர், ஒரு பெண்ணின் பதிவின் கீழ் கேவலமாக எழுதுவார். மற்றவருக்கு என்ன செய்வீர்களோ அதையே அவருக்கும் அதே வேகத்தில் செய்யுங்கள். ஒரு வருடக் காசு முன்கூட்டியே வேண்டும் என்றது இதற்காகத்தான்.

ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். முறைப்பாட்டில் இரு பக்கத்தில் ஒருவர் உறவென்றால் அந்த மட்டுறுத்துநர் விலக வேண்டும், இதை விதியாகவே எழுதுங்கள். மாஸ்டடோனில் நடவடிக்கைக்கு உள்ளானவர் 20 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதை முதலில் முடிவெடுத்தவர் பார்க்கக்கூடாது. மாதம் ஒருமுறை, யாருடைய பெயரும் இல்லாமல், எத்தனை முறைப்பாடு வந்தது, என்ன செய்தோம், எத்தனையில் எங்கள் முடிவை மாற்றினோம் என்று எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்.

11. இருபது பேரோடு திறவுங்கள்

முதல் இரண்டு கிழமை இருபது பேர். அவர்களில் சிலரிடம், பொய்யாக ஒரு முறைப்பாடு போடச் சொல்லுங்கள், இரவிலும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்று. எவ்வளவு நேரத்தில் ஆள் வந்து பார்த்தார் என்று எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் புதியவர்களைச் சேர்க்காமல் அட்டவணையைத் திருத்துங்கள். சரி வந்தால் இன்னும் இருபது. மட்டுறுத்துநர் ஒருவர் விலகினால் அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை சேர்ப்பதை நிறுத்துங்கள்.

தினமும் தரவுப் பிரதி எடுங்கள், மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து உண்மையில் மீட்க முடிகிறதா என்று பாருங்கள். மூட வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் திறக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். மாஸ்டடோன் தன் பட்டியலில் இடம்பெறும் சேர்வர்களிடம் மூன்று மாத முன்னறிவித்தல் கேட்கிறது, பட்டியலில் சேராவிட்டாலும் அதே மூன்று மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் தங்கள் பதிவுகளை எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் இருந்து உதவுங்கள், பிறகு சேர்வரிலும் பிரதிகளிலும் உள்ள எல்லாவற்றையும் இரண்டு பேர் முன்னிலையில் அழித்துவிடுங்கள், முறைப்பாட்டுப் போனில் உள்ள குரல் செய்திகளையும் சேர்த்து.